‘மரியாதை இல்லாமல் பேசினார்’ என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது

புக்கிட் மெர்தாஜாம் – கைப்பேசிக் கட்டணத்தில் 38 வெள்ளி கூடுதலாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் வளர்ந்து, இப்போது மகன் வீட்டில் இருக்கும் அறுபது வயது அம்மா ஒருவர் விவரம் கேட்க வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைக்கிறார். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்பதெல்லாம் முடிந்து, பத்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு குரல் வருகிறது. தமக்குத் தெரிந்த மலாயில் அம்மா விஷயத்தைச் சொல்லத் தொடங்குகிறார். பாதியிலேயே அந்தக் குரல் அலுத்துக்கொள்கிறது. “காவ் தாக் பாஹாம் கெ?” அம்மா தொலைபேசியை வைத்துவிடுகிறார். அடுத்த மாதமும் அதே 38 வெள்ளி வருகிறது. அதையும் கட்டிவிடுகிறார்.

மாச்சாங் பூபோக், அல்மா, ஜூரு, சிம்பாங் அம்பாட் என்று புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு கதை இருக்கும். கைப்பேசி நிறுவனமாக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், பொருள் கொண்டுவரும் கூரியராக இருக்கலாம்.

இத்தகைய பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நமக்கு ஏன் வம்பு என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் முகநூலில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் திட்டித் தீர்க்கிறார்கள். முறையாக எழுதிப் புகார் கொடுப்பவர்கள் குறைவு. கொடுப்பவர்களிலும் பலர், ‘உங்கள் ஊழியர் மரியாதை இல்லாமல் பேசினார், நடவடிக்கை எடுக்கவும்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு புகாரை விசாரிக்கும் அதிகாரியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. செய்ய மனமில்லாத அதிகாரிக்கோ அது மிகவும் வசதி. ‘சம்பந்தப்பட்ட ஊழியரை விசாரித்தோம், அவ்வாறு பேசவில்லை என்கிறார், தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதோடு கதை முடிந்தது.

சுடுசொல் பற்றிய புகாரின் எடை முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. என்ன சொல், எத்தனை முறை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதினால்தான் புகார் நிற்கும்.

மேலே சொன்ன ‘காவ்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நண்பர்களுக்குள் பேசும்போது அது சாதாரணச் சொல். முன்பின் தெரியாத ஒருவரை, அதுவும் வயதில் மூத்த வாடிக்கையாளரை, ‘என்சேக்’, ‘புவான்’ என்று அழைப்பதே மலாய் மரபு. ‘காவ்’ என்பது பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘நீ, வா, போ’ என்று பேசுவதற்குச் சமம். இது எந்த மலாய்க்கார அதிகாரிக்கும் விளக்கிச் சொல்லாமலே புரியும். ஆகவே ‘மரியாதை இல்லாமல் பேசினார்’ என்று எழுதினால் அது புகார் செய்தவரின் அபிப்பிராயம். ‘என்னை “காவ்” என்று அழைத்தார், “தாக் பாஹாம் கெ” என்று இரண்டு முறை கேட்டார், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார்’ என்று எழுதினால் அது சரிபார்க்கக்கூடிய தகவல். ஒலிப்பதிவை ஓடவிட்டால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சொல்லில் தவறு இல்லை, குரலில்தான் ஏளனம் இருந்தது என்றால்? அதையும் எழுதலாம். ‘ஏளனமாகப் பேசினார்’ என்பதற்குப் பதிலாக, ‘என் மலாயைக் கேட்டுச் சிரித்தார்’, ‘பக்கத்தில் இருந்தவரிடம் என்னைப் பற்றி ஏதோ சொன்னார்’, ‘நான்கு முறை இடைமறித்தார்’, ‘காரணம் சொல்லாமல் ஏழு நிமிடம் காத்திருக்க வைத்தார்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். படிப்பவருக்கு ஏளனம் தானாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் நடந்தது

சொன்ன சொல் அப்படியே கையில் இருந்தால் ஒரு சாதாரண வாடிக்கையாளரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, தமிழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2021 அக்டோபரில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் சொமேட்டோ செயலியில் உணவு வாங்கினார். வந்த உணவில் ஒரு பொருள் குறைந்திருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டு, செயலியில் உள்ள உரையாடல் வசதி வழியாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவைத் தொடர்புகொண்டார். உணவகத்துடன் பேசிப் பார்த்ததாகவும், மொழி புரியாததால் விஷயத்தைத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றும் பதில் வந்தது. தமிழ்நாட்டில் தொழில் செய்யும் நிறுவனம் தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்திருக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். அதற்கு அந்த ஊழியர், இந்தி நமது தேசிய மொழி, எல்லாரும் அதைக் கொஞ்சமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார்.

இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று அரசியலமைப்பில் எதுவும் இல்லை. 343-ஆவது பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழியாகத்தான் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு எரிந்தது சட்டப் பிரச்சினை மட்டும் அல்ல. பணத்தைக் கேட்டு வந்தவருக்குப் பணத்தைத் தராமல், மொழிப் பாடம் நடத்தியதுதான் தமிழர்களைக் கொதிக்க வைத்தது.

அக்டோபர் 18-ஆம் தேதி அவர் அந்த உரையாடலைப் படமெடுத்து டுவிட்டரில் போட்டார். தமக்கு நேர்ந்ததைச் சில வரிகளில் சொல்லி, அதனுடன் உரையாடலையும் இணைத்திருந்தார். சொமேட்டோவைப் புறக்கணிப்போம் என்ற முழக்கம் சில மணி நேரத்தில் பரவியது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி உட்படப் பலரும் குரல் கொடுத்தனர். மறுநாளே நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும், கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைத்து வருவதாகவும் அதில் சொன்னது.

அடுத்து நடந்ததை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். சில மணி நேரத்திற்குள் நிறுவனத்தின் தோற்றுநர் தீபிந்தர் கோயல், அந்த ஊழியரை மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். சேவை மையத்தில் இருப்பவர்கள் இப்போதுதான் வேலை பழகும் இளைஞர்கள், இதற்காக மட்டும் வேலையிலிருந்து நீக்கியிருக்கக் கூடாது, கற்றுக்கொண்டு திருத்திக்கொள்ளக்கூடிய தவறு இது என்பது அவர் சொன்ன காரணம். உணவு கொண்டுவரும் நிறுவனம் ஒன்றின் ஊழியர் அறியாமல் செய்த பிழை நாட்டுப் பிரச்சினையாகிவிட்டதே என்று அவர் அலுத்துக்கொண்டது மீண்டும் ஒரு சுற்று விவாதத்தைக் கிளப்பியது.

இந்தச் சம்பவத்தை மொழிப் போராட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த வாடிக்கையாளர் எதையும் நினைவிலிருந்து எழுதவில்லை. ஊழியர் எழுதிய வரி திரையில் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியவில்லை, நிறுவனமும் மறுக்க முயலவில்லை. அதே உரையாடல் தொலைபேசியில் நடந்திருந்தால் அவர் சொல்வதை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. கூச்சல் பெரிதாகப் பெரிதாக, முதலில் கேட்ட அந்த ஓர் உணவுப் பொருளின் பணம் பேச்சிலிருந்தே காணாமல் போனது. நம்மூரிலும் இதுதான் நடக்கிறது. பேச்சு வலிக்கும்போது பணத்தை மறந்துவிடுகிறோம். 38 வெள்ளி ஒரு புகார். ‘காவ்’ இன்னொரு புகார். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாம். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றைக் கலந்துவிட்டால், நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இரண்டையும் முடித்துவிடும். பெரும்பாலும் அது தேர்ந்தெடுப்பது ‘வருந்துகிறோம்’ என்ற செலவில்லாத பதிலைத்தான்.

தொலைபேசியில் பேசினால் ஆதாரம் எங்கே?

அழைப்பு தொடங்கும்போது, ‘சேவைத் தரத்திற்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்’ என்று ஓர் அறிவிப்பு வரும். கேட்டுக் கேட்டுப் பழகி, யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. புகார் செய்பவருக்கு அந்த அழைப்பில் மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். ஆதாரம் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது.

சேவை மையங்களில் பதிவாகும் அழைப்புகள் எல்லாவற்றையும் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. தரக் கண்காணிப்புப் பிரிவினர் ஒவ்வோர் ஊழியரின் அழைப்புகளிலும் சிலவற்றை மட்டும் எடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட ஓர் அழைப்பைத் தேடி எடுக்க வேண்டுமென்றால் தேதி, நேரம், அழைத்த எண் ஆகிய மூன்றும் வேண்டும். அதனால்தான் ‘போன வாரம் ஒரு நாள் அழைத்தேன்’ என்ற புகார் எங்கும் போய்ச் சேராது. ‘செவ்வாய்க்கிழமை காலை 10.42-க்கு இந்த எண்ணிலிருந்து அழைத்தேன்’ என்ற புகார் நேராக ஒலிப்பதிவுக்குக் கொண்டுபோகும். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலேயே தேதி, நேரம், எத்தனை நிமிடம் பேசியது எல்லாம் இருக்கிறது. அழைப்பு முடிந்ததும் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாளாக நாளாக அந்தப் பட்டியல் கீழே போய் அழிந்துவிடும். நிறுவனங்களும் ஒலிப்பதிவை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. ஆகவே ஆறப்போட வேண்டாம். அதே வாரத்தில் எழுதிவிட வேண்டும்.

அழைப்பின்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒன்று ஊழியரின் பெயர்: ‘போலே சயா தாவு நாமா என்சேக்?’ பெண்ணாக இருந்தால் ‘நாமா சிக்?’ இரண்டாவது ‘நொம்போர் ருஜூக்கான்’, அதாவது புகாரின் மேற்கோள் எண். பேச்சு தடிக்கத் தொடங்கும் நேரத்தில் நிதானமான குரலில் பெயரைக் கேட்டாலே பல ஊழியர்களின் தொனி மாறிவிடும். பெயர் சொல்ல மறுத்தால் பரவாயில்லை. மறுத்தார் என்பதையே எழுதிக்கொள்ளலாம். நேரம் தெரிந்தால் ஆள் யாரென்று நிறுவனத்திற்குத் தெரியும்.

ஒலிப்பதிவை நாமே கேட்டுப் பெற வழி உண்டா? தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010 மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகப் பரிவர்த்தனையில் ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும் நகல் கேட்கவும் அந்தச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. அடையாளம் தெரிகிற வகையில் பதிவாகியிருக்கும் நமது பேச்சையும் அந்த அடிப்படையில் கேட்கலாம். எழுத்துமூலம் கேட்டு, அதற்குரிய சிறு கட்டணத்தைச் செலுத்த வேண்டும். நிறுவனம் 21 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். சில காரணங்களுக்காக மறுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது; மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். நடைமுறையில் நகல் கைக்கு வருகிறதோ இல்லையோ, ‘அந்த அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருங்கள், நகல் வேண்டும்’ என்று ஒரு வரி புகாரில் இருந்தால், அதைப் படிப்பவர் பதிவைத் தேடிக் கேட்காமல் பதில் எழுதத் தயங்குவார். இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்துக்கு இந்த வழி இல்லை.

தொலைபேசியில் பேசத் திணறும் பெரியவர்களுக்கு, நிறுவனத்தின் செயலி, புலனம், மின்னஞ்சல் வழியாகப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுதிக் கொடுப்பது இன்னும் எளிது. எழுத்தில் நடக்கும் உரையாடலுக்குத் தனியாக ஆதாரம் தேட வேண்டியதில்லை. வேறொருவருக்காகப் பேசும்போது, கணக்கின் உரிமையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்கும். அது அவமதிப்பு அல்ல, பாதுகாப்பு நடைமுறை. அதற்கெல்லாம் கோபப்பட்டால் உண்மையான புகாரின் பலம் குறைந்துவிடும்.

என்ன கேட்க வேண்டும்?

ஒரு புகார் எப்படி இருக்கலாம் என்று பார்க்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது. முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றலாம். ‘என் கணக்கு எண் இது. இந்த மாதக் கட்டணத்தில் நான் கேட்காத சேவைக்கு 38 வெள்ளி சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தத் தேதி காலை 10.42-க்கு உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். பேசிய ஊழியர் என்னை “காவ்” என்று அழைத்து, “தாக் பாஹாம் கெ” என்று இரண்டு முறை கேட்டார். என் கேள்விக்குப் பதில் தராமல் இணைப்பைத் துண்டித்தார். முதலாவதாக, 38 வெள்ளியைக் கணக்கில் திருப்பிச் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேச்சு தவறு என்றால் எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.’ இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வராது.

‘அந்த ஆளை உடனே வேலையை விட்டுத் தூக்குங்கள்’ என்பது இதில் இல்லை. கோபத்தில் அப்படி எழுதத் தோன்றும். ஆனால் ஊழியரின் வேலையைப் பற்றி முடிவெடுப்பது நிறுவனமும் தொழிலாளர் சட்டமும். வாடிக்கையாளர் அதைக் கேட்டு வாங்க முடியாது. அவரால் கேட்டு வாங்கக்கூடியது விசாரணையும் விளக்கமும் மன்னிப்பும்தான். சொமேட்டோ விஷயத்தில் அவசரமாக நீக்கியதும் அவசரமாகச் சேர்த்ததும், நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவுகளாகவே பலருக்குத் தெரிந்தன.

மறுமுனையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கிலேயே எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இந்த வேலை பார்க்கிறார்கள். அழைப்பு ஒன்றை இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று கணக்கு. கழிப்பறைக்குப் போனாலும் கணினியில் பதிவாகும். பல இடங்களில் அவர்கள் அந்தப் பெரிய நிறுவனத்தின் ஊழியர்களே அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தை வாங்குவதுதான் அவர்கள் தொழில். அதற்காக வயதானவரை ‘காவ்’ என்று அழைக்கலாம் என்பதல்ல. ஆனால் வாடிக்கையாளர் கெட்ட வார்த்தை பேசினால் ஒருமுறை எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம் என்று பல சேவை மையங்களில் விதி உண்டு. ஒலிப்பதிவில் நம் குரலும் இருக்கும். முதல் கெட்ட வார்த்தை நம்முடையது என்றால், புகாரை எழுதாமல் இருப்பதே மேல்.

நிறுவனம் கைவிரித்தால்

முதல் படி எப்போதும் அந்த நிறுவனம்தான். அங்கே கொடுத்த புகாரின் மேற்கோள் எண் இல்லாமல் மேலே போனால், ‘முதலில் நிறுவனத்திடம் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், எங்கே போவது என்பது எந்தத் தொழில் என்பதைப் பொறுத்தது.

கைப்பேசி, இணையம், தொலைக்காட்சிச் சேவை என்றால் எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். அதன் எண் 1-800-188-030; இணையத்திலும் புகார் தரலாம். அஞ்சல், கூரியர் சேவைகளும் அதன் கண்காணிப்பில்தான் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. வங்கி, காப்புறுதி என்றால் பேங்க் நெகாரா, எண் 1-300-88-5465. வங்கியோடு பண இழப்பு தொடர்பான தகராறு இருந்தால், 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்கும் போகலாம். கடை, இணைய வணிகம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, எண் 1-800-886-800. அரசாங்க முகப்பில் கேட்ட பேச்சு என்றால் அந்தத் துறையின் புகார் முறைக்கு எழுதலாம், 1971-இல் தொடங்கப்பட்ட பொதுப் புகார் பிரிவுக்கும் எழுதலாம். அரசாங்க அலுவலகச் சுவர்களில் தொங்கும் ‘பியாகாம் பெலாங்கான்’ வாடிக்கையாளர் சாசனத்தில் மரியாதையான சேவை என்று எழுதியிருந்தால், அந்த வரியைப் படமெடுத்துப் புகாரோடு இணைப்பதில் தவறே இல்லை.

இந்த எண்களைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் சேவை எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழைக்க வேண்டாம். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. பில்லில் இருப்பது, வங்கி அட்டையின் பின்புறம் இருப்பது, இவையே பாதுகாப்பானவை.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் அமைந்தது. 5 வெள்ளி கட்டி முதலாம் பாரத்தை நிரப்பினால் போதும். வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையும் இல்லை. முன்பு 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019-இல் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. பிரச்சினை ஏற்பட்ட மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் பதிய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை மதிக்காத நிறுவனம் குற்றம் செய்ததாகிவிடும். நல்ல மன்றம்தான். ஆனால் அது பொருளுக்கும் சேவைக்கும் பணத்துக்குமான மன்றம். சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனம் புண்பட்டதற்கு விலை போடுவதற்காக அந்த மன்றம் ஏற்படுத்தப்படவில்லை. ‘காவ்’ என்ற சொல்லுக்காக மட்டும் அங்கே போனால் ஏமாற்றம்தான். 38 வெள்ளியோடு போனால், நிறுவனம் வாடிக்கையாளரை எப்படி நடத்தியது என்பதற்கு அந்தச் சொல்லும் சாட்சியாக நிற்கும்.

பேச்சு மிரட்டலாக மாறினால்

அலுப்பு, ஏளனம், ‘காவ்’ எல்லாம் ஒரு வகை. ‘வீட்டுக்கு வருவேன்’, ‘உன் முதலாளியிடம் சொல்லி மானத்தை வாங்குவேன்’ என்பது வேறு வகை. இதைப் பெரும்பாலும் பேசுகிறவர்கள் கடன் வசூலிக்கும் ஆட்கள். வங்கிக்கடன் பாக்கிக்காக அழைத்து இப்படிப் பேசினால், கடன் உண்மையாக இருந்தாலும் பேச்சு தவறுதான். வசூலுக்கு ஆள் வைத்தது வங்கி என்பதால் புகார் முதலில் வங்கிக்கு, பிறகு பேங்க் நெகாராவுக்கு. கடன் வசூல் நிறுவனங்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. வங்கி என்றும் போலீஸ் என்றும் சொல்லிக்கொண்டு மிரட்டி, உடனே பணம் அனுப்பச் சொல்பவர் வசூல்காரர்கூட இல்லை, மோசடிக்காரர். வாதாட வேண்டாம். வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 997-ஐ அழைக்க வேண்டும்.

சொல்லால் ஒருவரைத் துன்புறுத்துவதைச் சட்டம் எவ்வளவு இலேசாகப் பார்த்தது என்பதை மலேசிய இந்தியச் சமுதாயம் 2024 ஜூலையில் கண்டது. டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட இளம்பெண் இணையப் பகடிவதைக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். அது தொடர்பாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறு குற்றச் சட்டம் 1955-இன் 14-ஆவது பிரிவின் கீழ் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். அந்தப் பிரிவில் அதற்கு மேல் அபராதம் விதிக்க வழியே இல்லை. எழுந்த கோபத்தின் விளைவாகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 507பி முதல் தொடங்கும் புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 அன்று நடப்புக்கு வந்தன. துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டும், ஏசும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்துபவருக்கு 507பி-யின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

எரிச்சலோடு பேசிய சேவை மைய ஊழியர் மேல் இந்தச் சட்டத்தின் கீழ் போலீசுக்குப் போவது சரியல்ல. அது அதற்காக வந்த சட்டமும் அல்ல. திரும்பத் திரும்ப அழைத்து, குடும்பத்தை இழுத்து, மிரட்டி ஏசுகிற ஒருவர் மேல் போகலாம். போகும்போதும் அதே பாடம்தான்: என்ன சொன்னார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை முறை, எப்போது. போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்பவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இதை எல்லாம் தனியாகச் செய்யத் தயங்குபவர்களுக்குப் பினாங்கில் ஒரு வசதி இருக்கிறது. 1969-இல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நாட்டின் மிகப் பழைய பயனீட்டாளர் அமைப்புகளில் ஒன்று. 2019 மே மாதம் மறையும்வரை பல்லாண்டுகள் அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழர். அங்கே தமிழிலேயே விஷயத்தைச் சொல்லலாம். அலுவலகம் தீவில், பழையவர்கள் கிரீன் லேன் என்று சொல்லும் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் 10-ஆம் எண்ணில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் கடந்து போகிறவர்கள் பில்லின் நகல், அழைப்புப் பட்டியலின் படம், நிறுவனத்துக்கு எழுதிய புகார், அதற்கு வந்த பதில் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பேசிய சொற்களை எழுதி வைத்த தாளையும்.